பகைவனின் படுக்கையருகே



அடைக்கலம் தேடி வந்தவர்க்கு இடமளித்தல் அறமென்று எல்லாச் சமயங்களும் ஓதுகின்றன. அவ்வறமே பகைக்குக் காரணமாதலும் உண்டு.

அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரிலே, 'ஜீவ விருட்சம்' எனப் பொருள்படும் பெயருடைய யூத ஜெபாலயம் ஒன்று இருந்தது. மூன்று சபையார் அதில் கூடி வழிபட்டு வந்தனர். 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை, அவர்தம் ஓய்வுநாள். காலை வழிபாட்டிற்கு வந்தோரை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 11 பேர் மாண்டனர். மூத்தவர்க்கு வயது 97. அகதிகளுக்கு உதவும் யூத அறநிலையம் ஒன்றை அவன் வெறுத்தான்; அச்சபைகளுள் ஒன்று அந்நிலையத்தின் பணிக்குத் துணைநின்றது. யூதராய்ப் பிறந்ததும், அயலார்க்கு இரங்கியதும் அவன் கண்ணில் குற்றங்களாயின.

காயமுற்ற கொலைஞனை மருத்துவமனைக்குக் கொணர்ந்தனர். யூதரைக் கொல்ல வேண்டுமென்று அங்கும் கூவினான். அவனுக்குச் சிகிச்சை செய்தோருள் யூதரும் இருந்தனர். அம்மருத்துவமனையின் தலைவரோ அதே ஜெபாலயத்தைச் சேர்ந்தவர். அவர் அவனருகே சென்று, வலி இருக்கிறதா என்று வினவினார். நோயுற்றுக் கிடந்த பிக்குவைப் பகவான் தம் கையாலேயே நீராட்டிய வரலாற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆயினும் அந்தப் பிக்கு பகவானுக்குத் தீங்கு செய்தவரல்லர். நானாயின் அந்த மருத்துவமனை அறைக்குள் சென்றிருப்பேனா? உறுதி கூற இயலவில்லை.

அன்று மாலையே பள்ளி மாணவர் அழைக்க, நகரத்தார் தெருச்சந்தியில் விளக்கேந்திக் கூடினர். முஸ்லிம்கள் முன்னின்று திரட்டிய நிதி இரண்டு லட்சம் டாலரைக் கடந்தது. அவர்தம் பிரதிநிதி மறுநாட் கூட்டத்தில் எழுந்து, வழிபாட்டிற்குக் காவல் வேண்டினும், கடைக்குச் செல்லத் துணை வேண்டினும் வருவோம் என்றார். நிதியினும் இதனையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அச்சமுற்றவர்க்குக் கடைவீதியும் காடாகிவிடுமன்றோ? நகரின் நாளேடு, இறந்தோர்க்குரிய யூதப் பிரார்த்தனையின் முதற்சொற்களை எபிரேய எழுத்திலேயே முதற்பக்கத் தலைப்பாக இட்டது.

எல்லோரும் ஒரே மனத்தினர் ஆயினர் என்று கூறேன். 2023-இல் கொலைஞனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதனை வேண்டிய குடும்பத்தாரே மிகுதி. வேண்டா என்றோரும் உண்டு. பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர்க்கு நாம் இங்கிருந்து அறிவுரை கூறல் தகாது.

அதற்கு நான்காண்டுகள் முன்பே, 2019 மார்ச்சில், நியூஜிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்து இரு மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செய்தி கேட்ட பிட்ஸ்பர்க் யூதர், அம்முஸ்லிம் குடும்பங்களுக்காக நிதி திரட்டத் தொடங்கினர்.