முற்றத்துக்குள் வரும் சக்கரம்

கண்டி நகரத்தைக் கூட்டிப் பெருக்க வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், மஹய்யாவயில் இன்றும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். லயக் குடியிருப்பில் இரு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடும் வழியைப் பாதை என்று சொன்னால் பாதிதான் சரி. துணி காய்வது அங்கே, பிள்ளைக்குத் தலைவாருவது அங்கே, தண்ணீர்ப் பீப்பாய் அங்கே, டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் அங்கேயே. காம்பராவுக்குள் கொள்ளாத வாழ்க்கை வெளியே வழிந்து வழியை முற்றமாக்கிவிட்டது. அந்த முற்றத்துக்குள்தான் முச்சக்கர வண்டியும் வருகிறது.

ஆளும் வண்டியும் ஒரே தரையைப் பங்கிடும்போது யார் ஒதுங்குவது? இருவருக்கும் சம உரிமை, பார்த்து நடந்துகொள்ளட்டும் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தவறு நேர்ந்தால் ஒருவருக்குத் தகரம் நசுங்கும், மற்றவருக்குக் கால் முறியும். இழப்பு இப்படிக் கோணலாக இருக்கையில் கவனத்தை மட்டும் சரிபாதியாகப் பிரிப்பது எந்த ஊர் நியாயம்? மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வண்டி, ஓட்டுபவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கழியும் ஒரு விநாடியிலேயே எட்டு மீற்றர் கடந்துவிடும். அதற்குள் இரண்டு காம்பராக்களின் வாசல் வந்து போய்விடும். நடைவேகத்தில் வந்தால் அதே விநாடிக்கு ஒன்றரை மீற்றர்கூட இல்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் பிற்பகுதியில் குடியிருப்புத் தெருக்களை வேண்டுமென்றே இப்படி மாற்றிப் பார்த்தார்கள். ‘வூனெர்ஃப்’ என்று பெயர். குடியிருக்கும் முற்றம் என்றே அதற்குப் பொருள். 1976இல் சட்டமும் வந்தது. தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். வண்டி நடைவேகத்தில்தான் வரவேண்டும். நடப்பவரும் காரணமில்லாமல் வண்டியை மறிக்கக்கூடாது. இதில் சமத்துவம் இல்லை. வலியவர் தலையில் கூடுதல் சுமை இருக்கிறது, அதுதான் சரி. பணக்கார நாடு திட்டம் போட்டுச் செய்ததை இங்கே இடநெருக்கடி எப்போதோ செய்துவிட்டது; சட்டத்தின் காவல்தான் கூட வரவில்லை.

பின்னாளில் ஐரோப்பாவில் இன்னொரு யோசனை பரவியது. நடைபாதை விளிம்பை, கோட்டை, பலகையை எல்லாம் அகற்றிவிட்டால் ஓட்டுபவரும் நடப்பவரும் கண்ணோடு கண் பார்த்து வழிவிட்டுக்கொள்வார்களாம். கண் தெரியாதவர் என்ன செய்வது? இங்கிலாந்தில் பார்வையற்றோர் விடாமல் எழுப்பிய கேள்வி இது. 2018இல் இத்தகைய சமதளத் தெருத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி அரசே உள்ளூராட்சி சபைகளைக் கேட்டுக்கொண்டது.

கண்டி மேடுபள்ளத்தில் அந்தக் கேள்விக்கு வேறொரு முகம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிட்டால் சில துளி பெற்றோல் மிச்சம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றர்தான். அந்த நாட்களில் இதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் பார்வை மங்கிய கிழவிக்கு வண்டி என்பது சத்தம். சத்தமில்லாமல் வருவது அவளுக்கு வண்டியே இல்லை, முதுகில் இடிக்கும்வரை. ஒருவரின் சிக்கனத்துக்கு இன்னொருவர் எலும்பை ஈடு வைக்க முடியாது.

வண்டிக்காரரை வில்லனாக்குவதும் தவறு. அவர் வீடும் அதே வரிசையில்தான். எந்த வாசலிலிருந்து எந்தப் பொடியன் பாய்ந்து வருவான் என்று அவருக்குத் தெரியும். அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது அந்தப் பழக்கம்தான். புதுக் குடியிருப்புகள் எழும்போது முதலில் உடைவது இதுதான். யாருக்கும் யாரையும் தெரியாத புதுத் தெருவில், பொதி கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரரிடம் தெரிந்த முகத்தின் தயவை எதிர்பார்க்க முடியாது. வளைவு, மேடு, குறுகல் என்று தரைதான் அவரை மெதுவாக்க வேண்டும்.

அப்படியானால் வண்டியே வேண்டாம் என்று அடைத்துவிடலாமா? 1990க்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுவிட்டால், நெஞ்சுவலிக்காரரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டியதுதான். அதற்காக அகலம் விடத்தான் வேண்டும். விட்ட மறுநாளே அங்கே யாராவது வேனை நிறுத்துவார்கள் என்பதும் தெரிந்ததே. ஒரு சங்கிலியும் பூட்டும் போடலாம். சாவி எந்த வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தால், முச்சக்கர வண்டிக்காரர் வீட்டிலேயே இருக்கட்டும். நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து பழகியவர் அவர்தான்.