கைமாறிய அளவுகோல்

நடுவுநிலைமைக்கு உவமை தேடிய திருவள்ளுவர் துலாக்கோலை எடுத்துக் காட்டினார். பொருளைத் தூக்குமுன் தான் சமனாக நிற்பது கோலின் முதற்கடமை. கோல் கோணினால் பொருளின் எடை மாறுவதில்லை. எடையைப் பற்றிய நம் அறிவு பொய்யாகிறது. அவ்வறிவை நம்பிச் செய்த கொடுக்கல் வாங்கல் யாவும் உடன் பொய்யாகின்றன. ஆதலின், ஏனைப் பொருள்களுக்கு இல்லாத ஓர் அறப்பொறுப்பு அளக்கும் கருவிக்கு உண்டு. அக்கருவி பழையதாகி, ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு விலைக்குப் போகும்போது, அப்பொறுப்பு யாரைச் சேரும்? விற்பவரையா, வாங்குபவரையா?

இவ்வினாவை ஆராய நாம் வாழும் புனே நகரே தக்க இடம். இங்குள்ள ஜூனா பஜார், புதனும் ஞாயிறும் கூடும் சந்தையாக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 'ஜூனா' என்னும் மராத்திச் சொல்லுக்குப் 'பழைய' என்பது பொருள். தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் பொறியியற் கல்லூரிகளும் நிறைந்த ஊரில் கழித்துவிட்ட கருவிகளுக்குக் குறைவில்லை. மின்னணுவியலைப் பொழுதுபோக்காகப் பயில்வோர், பழைய பூட்டுகளுக்கும் திருகாணிகளுக்கும் இடையே ஒரு மல்ட்டிமீட்டரோ ஆசிலாஸ்கோப்போ கிட்டாதா என்று தேடுவர். இன்று எளிய மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குப் புதிதாகவே கிடைக்கிறது. எனினும் நல்ல ஆசிலாஸ்கோப்பின் விலை மாணவர் கைக்கு எளிதில் எட்டுவதன்று. அவர்களுக்குப் பழைய கருவியே பள்ளிக்கூடம்.

பழைய வானொலி பழுதானால் ஊமையாகும். பழைய மின்விசிறி பழுதானால் நின்றுவிடும். தம் குறையை அவை தாமே அறிவித்துவிடுகின்றன. அளக்கும் கருவி அவ்வாறன்று. அதனுள் இருக்கும் கார்பன் மின்தடைகளின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல ஏறும், காந்தம் வலிவிழக்கும், தேர்வுக் குமிழின் தொடுமுனைகளில் களிம்பேறும். ஆயினும் முள் அசையும். அசைந்து ஓர் எண்ணைக் காட்டும். 230 வோல்ட்டை 210 என்று காட்டும்போதும் அது தயங்குவதில்லை. மெய் சொல்லும்போது எத்துணை உறுதியோடு நிற்குமோ, பொய் சொல்லும்போதும் அத்துணை உறுதியோடு நிற்கும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுக்கிறது. வெறும் மௌனம் மோசடியாகாது என்பது அதன் பொது விதி. குதிரையின் குறையை அறிந்த ஒருவன், ஏலத்தில் அதுபற்றி வாய் திறவாமல் விற்றுவிட்டால் அது மோசடியன்று என்று எடுத்துக்காட்டும் தருகிறது. ஆனால் அதே சட்டம் இரு விலக்குகளையும் வகுத்துள்ளது. ஒன்று, பேச வேண்டிய கடமை உள்ள இடம். மற்றொன்று, மௌனமே பேச்சுக்கு நிகராகும் இடம். பழைய அளவியின் விற்பனை இவற்றுள் அடங்குமா என்பதை வழக்குமன்றம் முடிவு செய்யட்டும். மனச்சான்றின் மன்றத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. குதிரையை நடக்கவிட்டால் நொண்டல் தெரிந்துவிடும். அளவியின் நொண்டலை அறிய வேறோர் அளவி வேண்டும். அஃது இல்லாமையால் அன்றோ ஒருவன் வாங்க வந்திருக்கிறான்? விற்றவன் வாய்மூடிச் சென்றாலும் அவன் விற்ற அளவி நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. உருகி இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, 'நன்றாக வேலை செய்கிறது' என்று விற்பாரும் உளர். வாங்கியவன் ஒருநாள் தவறான நிலையில் குமிழை வைத்து வீட்டு மின்சாரத்தைத் தொட்டால், உருகி எரிந்து அவனைக் காத்திருக்கும். கம்பி காக்காது. இங்கே மறைக்கப்பட்டது ஒரு பழுது மட்டுமன்று. ஓர் உயிருக்குரிய காவல்.

நிற்க. வாங்குபவன் பக்கமும் நோக்க வேண்டும். சந்தைக் கடைக்காரர் பலர் எடைக்கு வாங்கி வந்தவர். பொருளின் அருமை அறியார். ஐந்நூறு ரூபாய் கேட்கும் பெட்டி பத்தாயிரம் பெறும் என்பதை அறிந்தவன் அதனைச் சொல்லத்தான் வேண்டுமா? அவன் அறிவு உழைத்துப் பெற்றது. பழுது பார்க்கும் உழைப்பும், பார்த்தும் தேறாமற் போகும் இழப்பும் அவனுடையவை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவதைக் குற்றமென்பதற்கில்லை. ஆனால் அருமை அறிந்தே, 'இது வெறும் தகரம்' என்று இகழ்ந்து விலையைக் குறைப்பது பொய்யாகும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதிலும் கொடுப்பதிலும் ஒரே நேர்மை காத்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்நேர்மை விற்பவருக்கு மட்டும் வகுத்ததன்று.

வாங்கிய பின்னும் கடமை தீர்வதில்லை. எந்தக் கருவியும் தனக்குத் தானே சான்றாகாது. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆகவே ஓர் அலைக்கு 20 மில்லிவினாடி. சிறு மின்மாற்றியின் வழியே தாழ்த்தி ஆசிலாஸ்கோப்புக்குக் காட்டினால், அதன் காலக்கணக்கு ஏறத்தாழச் சரிதானா என்பது விளங்கும். ஒரு விழுக்காட்டுக்கு மேல் பிசகாத மின்தடைகள் சிலவற்றைக் கொண்டு மல்ட்டிமீட்டரைச் சோதிக்கலாம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் இச்சங்கிலி, மேலே செல்லச் செல்ல, நாட்டின் அளவைத் தரங்களைக் காக்கும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம்வரை நீள்கிறது.

இத்துணை ஐயத்துக்கு இடமான பழைய கருவியை விலக்குதலே நன்றெனத் தோன்றலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கோவிந்த் சுவரூப் 1953 முதல் 1955 வரை ஆஸ்திரேலியாவில் பயின்றபோது, சிட்னியை அடுத்த பாட்ஸ் ஹில்லில், கோடைக்கானல் வானாய்வகத்திலிருந்து சென்ற பார்த்தசாரதியுடன் பணியாற்றினார். சூரியனை ஆராய அங்கிருந்த, ஆறடி விட்டமுள்ள 32 வட்டில்கள் ஆஸ்திரேலியருக்கு வேண்டாதவை ஆயின. சுவரூப் அவற்றை இந்தியாவுக்குக் கேட்டுப் பெற்றார். 1965இல் அவை பம்பாயை அடுத்த கல்யாணில் நிறுவப்பட்டு மீண்டும் சூரியனை நோக்கின. பின்னர் அவர் தலைமையில் 1970இல் உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி எழுந்தது. அதன்பின் நம் புனேயை அடுத்த கோடத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வட்டில்கள் எழுந்தன. இப்பெருமரபின் தொடக்கத்தில் நிற்பவை பிறர் கழித்த கருவிகள். கொடுத்தவர் பழையவை என்று சொல்லியே கொடுத்தனர். பெற்றவர், அவற்றோடு பணிசெய்து, திறனையும் எல்லையையும் அறிந்தே பெற்றார். இடையில் மறைப்பு ஏதுமில்லை.

ஆதலின், பழைய கருவியை விற்போர் ஒரு துண்டுச் சீட்டை அதனோடு கட்டி அனுப்புவது நல்லறம். எந்த அளவில் எவ்வளவு பிசகுகிறது, எதை மாற்றினேன், எதைச் சோதிக்கவில்லை என்ற மூன்று செய்திகள் போதும். அச்சீட்டு விலையைச் சிறிது குறைக்கலாம். கருவியின் பயனையோ அது பெருக்கும். இருபது வோல்ட் குறைத்துக் காட்டுகிறது என்று அறிந்துவிட்டால், இருபதைக் கூட்டிக்கொண்டு அதே அளவியால் மெய்யை அளக்கலாம். காலம் எந்தக் கோலையும் கோணச் செய்யும்; அதில் யார்மேலும் குற்றமில்லை. கோணலை அறிந்தவர் அதனை அடுத்தவருக்குச் சொல்லிவிட்டால், கோணிய கோலும் நடுநிலை தவறாது.