இரண்டு வெள்ளி விலைச்சீட்டு

பழம்பொருள் கடையில் கறுத்துக் கிடக்கும் கரண்டி ஒன்றை, விவரம் தெரிந்த ஒருவர் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். காம்பின் பின்புறம் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று இங்கிலாந்தின் தரச்சோதனைக் கூடம் உறுதி சொல்கிறது. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். அரசர் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி கட்டிய பொருள். அரை நிமிடத்தில் இவ்வளவையும் படித்துவிடுகிறார். விலைச்சீட்டில் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதியிருக்கிறது. கல்லாவில் இருப்பவருக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு கரண்டி. வாய் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?

சட்டம் தடுக்கவில்லை. விற்பவரை ஏமாற்றும்படி பொய் சொல்லக் கூடாது. ஆனால் பொருளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் வாங்குபவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு இது. சிங்கப்பூர்ச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை.

முதலில் வாங்குபவர் பக்கத்து நியாயத்தை முழுமையாகவே சொல்லிவிட வேண்டும். அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் படிப்பு இருக்கிறது. நிக்கல் கலவையின்மேல் மின்முலாம் பூசிய கரண்டிகளில்கூட எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் பொறித்து, அசல் முத்திரை போலத் தோன்றச் செய்திருப்பார்கள். கனமான மெழுகுவர்த்தித் தண்டில் பாதிக்கு மேல் உள்ளே அடைத்த சாந்தின் எடையாக இருக்கலாம். நம் பொருட்கள் இன்னும் சிக்கலானவை. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம், தெய்வ உருவங்களைப் புடைத்துச் செய்து விற்ற ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளியில் சிங்க முத்திரையைத் தேடினால் கிடைக்காது. ஊரிலிருந்து பெட்டியில் வந்த குங்குமச்சிமிழ், பன்னீர்ச்செம்பு, குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கு போன்றவற்றில் பெரும்பாலும் எந்த முத்திரையுமே இராது. ஆசாரியின் கைத்திறமே அவற்றுக்கு அத்தாட்சி. கனம் பார்த்து, பற்றுவைத்த இடத்தைப் பார்த்து, உரைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதையெல்லாம் கற்றவர் பலமுறை ஏமாந்து, கைக்காசு இழந்துதான் கற்றிருப்பார். அந்த அறிவுக்குக் கூலி உண்டு.

இன்னொரு நன்மையும் அவரால் விளைகிறது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரைத் தொட்டபோது, நூறு இருநூறு ஆண்டுப் பழமையான பாத்திரங்கள் பல நாடுகளில் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் விலை அந்த உச்சத்தையும் தாண்டியது. 20 கிராம் எடையுள்ள ஒரு தேக்கரண்டியில் 18.5 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அவுன்சுக்கு 50 டாலர் என்றால் உலோகமாகவே ஏறத்தாழ 30 டாலர். பழமை அறியாதவர் கையில் சிக்கினால் அது உருகிவிடும். அறிந்தவர் கையில் பிழைத்திருக்கும்.

ஆகவே அறிந்தவர் ஆதாயம் அடைவதே தவறு என்று சொல்ல முடியாது. யாரிடமிருந்து அடைகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம், சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை பல தலைமுறைகள் அங்கே பேரம் பேசின. பழம்பொருளையே பிழைப்பாகக் கொண்டு அங்கே கடை விரித்தவர், தம் சரக்கைத் தாமே எடைபோட வேண்டியவர். நேற்று வாடிக்கையாளரிடம் அவர் பெற்ற லாபமும் இன்று அவர் இழப்பதும் ஒரே விளையாட்டின் இரு பக்கங்கள். அங்கே மௌனம் பெரிய பிழை ஆகாது. ஆனால் குப்பையில் பொறுக்கியதை விரித்து அன்றாடச் சாப்பாட்டுக்கு வழி தேடிய முதியவர்களும் அதே தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிப் பொருளைத் தகரத்தின் விலைக்கு அவர்களிடம் வாங்கிக்கொண்டு அதைத் திறமை என்று சொல்லிக்கொள்வது மனிதத்தன்மைக்கு அழகில்லை. அங்கே நாலு மடங்கு சேர்த்துக் கொடுத்தாலும் வாங்குபவர் நட்டப்பட மாட்டார்.

அறக்கொடைக் கடையின் நிலை வேறு. வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மகளிர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் ‘நியூ டூ யூ’ போன்ற கடைகளை எடுத்துக்கொள்ளலாம். சரக்கு எல்லாம் நன்கொடை. கடையை நடத்துவதில் தொண்டூழியர்களின் பங்கு பெரிது. வருமானம் அமைப்பின் சேவைகளுக்கு. வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் தரும் ‘ஸ்டார் ஷெல்டர்’ அந்த மன்றத்தின் சேவைகளில் ஒன்று. இந்தக் கடையில் விற்பவர் யார்? சீட்டு ஒட்டிய தொண்டூழியர் அந்தக் கரண்டிக்கு உரிமையாளர் இல்லை. பாட்டி காலமான பிறகு அடுக்குமாடி வீட்டை ஒழித்துப் பைகளில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்த குடும்பம், அதை முகம் தெரியாத ஒரு பெண்ணின் பாதுகாப்புக்காகக் கொடுத்தது. அவளோ கல்லாவில் நிற்கவில்லை. பேரம் பேச அவளுக்கு வாய்ப்பும் இல்லை. அவளுக்கு வந்து சேர வேண்டிய தொகையே மௌனத்தில் மறைகிறது. இங்கே பேசாமல் வாங்குவது தவறு என்றே கருத வேண்டியிருக்கிறது.

கடைக்கு இடம் குறைவு, பொருள் சீக்கிரம் நகர்ந்தால் போதும், இரண்டு வெள்ளி அவர்களாக வைத்த விலைதானே என்று வாதிடலாம். வெள்ளி என்று தெரிந்த பின்னும் அதே விலைக்குத் தர அவர்கள் விரும்பினால், அந்தத் தாராளம் அவர்களுடையது. அதை அவர்கள் சார்பில் வாங்குபவரே மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ள முடியாது. சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். பஃபலோ ரோட்டிலோ சிராங்கூன் சாலையிலோ ஏதாவது ஒரு நகைக்கடையில் எடை போட்டுப் பார்க்கச் சொல்லலாம். உலோக விலையையாவது கொடுத்து, பழமைக்குக் கிடைக்கும் மிகுதியைத் தம் அறிவின் கூலியாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்கீட்டில் கடைக்கும் மனக்குறை இருக்காது.

இப்படி நடந்துகொண்டவர்கள் உண்டு. கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய ரோமச் சிந்தனையாளர் சிசரோ, ஸ்கேவோலா என்ற ரோமானியரின் கதையைச் சொல்கிறார். நிலம் ஒன்றுக்குக் கடைசி விலை கேட்டு, விற்பவர் சொன்னதும், நிலம் அதைவிடப் பெறும் என்று தாமே கூறி ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்துக் கொடுத்தார் அவர். நல்லவர்தான், ஆனால் விவரமானவர் இல்லை என்று ஊர் பேசியதாம். நன்மையையும் விவரத்தையும் அப்படிப் பிரிப்பதே கேடு என்பது சிசரோவின் வாதம். நம்மிடமும் பட்டினப்பாலை புகார் வணிகர்களைப் புகழும்போது, விற்கும் பொருளைக் குறைத்துக் கொடுக்காததோடு நிறுத்தாமல், வாங்கும் இடத்தில் மிகையாக எடுத்துக்கொள்ளாததையும் சேர்த்தே சொல்கிறது.

மிச்சமிருப்பது ஒரு கடினமான நிலை. கடையில் எதுவும் தெரியாமல், பிடித்துப் போய் வாங்கியாயிற்று. வீட்டில் கறுப்பைத் துடைத்தபோதுதான் சிங்கம் தெரிகிறது. ஏமாற்றும் எண்ணம் எங்குமே இல்லை. யூத மரபில் இதையொத்த கதை ஒன்று உண்டு. சிமோன் பென் ஷேட்டாக் என்ற ஆசானுக்கு மாணவர்கள் வாங்கிக்கொடுத்த கழுதையின் கழுத்தில் ஒரு முத்து இருந்தது. விற்றவருக்கு அது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும் திருப்பி அனுப்பினார். முத்து கழுதையின் பகுதி இல்லை, கரண்டியோ வெள்ளியேதான். ஆகவே அவ்வளவு கடுமை இங்கே தேவையில்லை என்று வாதிட இடமுண்டு. கரண்டி வாங்கியவரிடமே இருக்கலாம். கடையின் உண்டியலில் மட்டும், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, உலோக விலையில் குறைந்ததைப் போட்டுவிட வேண்டும்.