முகப்பருவும் முன்வினையும்

அரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் பெண்ணொருத்தி கேட்டாள்: "அக்கா, தீர்த்தமலைக்குப் போயி ராமர் தீர்த்தத்துல குளிச்சேன். பரு போகல. போன ஜென்மத்துப் பாவமா?"

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் கூடுகிறது. எண்ணெய்ச் சுரப்பு மிகுந்து மயிர்க்கால் அடைபடுகிறது. கிருமி பெருகி அந்த இடம் வீங்குகிறது. இதில் பாவம் எங்கே? வினைக்கணக்கை முகத்தில் எழுதும் கடவுளை நான் கும்பிடவில்லை. நோயெல்லாம் வினை, மருந்து கூடாது என்றால், பசி என்னும் பிணிக்குச் சோறு தின்பதும் குற்றமாகிவிடும். தீர்த்தம் மனசுக்கு; தோலுக்கு, மருத்துவர் எழுதித் தரும் பென்சாயில் பெராக்சைடோ அடாபலீனோ. பலன் தெரிய 6 முதல் 8 வாரமாகலாம். அதுவரை பொறுப்பதும் விரதம்தான். ஸ்டீராய்டு களிம்பு கேட்டால் தரமாட்டேன். அதுவே பருவைக் கிளப்பும்.

பிள்ளைகளே, பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பாகும். பழியையும் சுமக்காதீர்கள்.