காவலுக்கும் ஓர் அளவு உண்டோ?

தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்வது மனிதனின் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. கதவுக்குத் தாழிடாமல் உறங்குபவனை நாம் பெருந்தன்மையாளன் என்று புகழ்வதில்லை. கவனமற்றவன் என்றே கடிந்துகொள்வோம். ஆயின் ஒரு கதவுக்கு ஏழு பூட்டுப் போடுபவனை என்னென்பது? முதற் பூட்டுக்கும் ஏழாவது பூட்டுக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் முன்னெச்சரிக்கை முடிந்து அச்சம் தொடங்கிவிடுகிறது. அந்த இடம் எது? வீட்டுக்காரன் ஒருவனைப் பொறுத்தமட்டில் இது சிறிய கேள்வி. பூட்டுக்கு அவன் தன் கைப்பொருளைத்தான் செலவிடுகிறான். நாடாள்பவன் ஊராரின் நெல்லையும் ஊராரின் தோள்வலியையும் கொண்டு தன் காவலைப் பெருக்கிக்கொள்ளும்போதோ, அது பெரியதோர் அறக்கேள்வியாகிவிடுகிறது.

இக்கேள்விக்கு ஜப்பானிய நாட்டின் கோட்டைகளை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. பிற நாடுகளில் கோட்டைகள் பல நூற்றாண்டுகளில் சிறுகச் சிறுக எழுந்தவை. ஜப்பானிலோ, இன்று உலகம் வியந்து பார்க்கும் கற்கோட்டைகளுள் பெரும்பாலானவை 1570களுக்கும் 1620களுக்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளுக்குள் எழுந்தன. அவற்றுள் பலவற்றை இடிக்கும் ஆணையும் அந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்ளேயே பிறந்தது. கட்டியவர், அதைக் கண்டு ஐயுற்றவர், இடித்தவர் யாவரும் ஓரிரு தலைமுறைக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆகவே விதையையும் விளைவையும் ஒருங்கே காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டுகிறது.

சொல்லாராய்ச்சியில் நமக்குள்ள விருப்பத்தை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அரபு மொழியில் கோட்டைக்கு ‘ஹிஸ்ன்’ என்று ஒரு பெயர். ‘ஹிஸான்’ என்னும் குதிரையின் பெயரும் அதே வேரைச் சேர்ந்தது. ஒன்று நின்று காப்பது, மற்றொன்று ஓடிக் காப்பது போலும்! ஜப்பானியர் கோட்டையை ‘ஷிரோ’ என்பர். சீனரிடமிருந்து பெற்ற எழுத்தில் அதனை வரையும்போது, ஒரு பாதியில் மண்ணைக் குறிக்கும் வடிவமும் மறுபாதியில் ‘ஆதல்’ என்னும் பொருளுடைய வடிவமும் அமைகின்றன. அவர்களுடைய பழங்கோட்டைகள் மெய்யாகவே மண்ணால் ஆனவைதாம். மலைச்சரிவை வெட்டி, மண்மேடு எழுப்பி, மரவேலி நட்டு முடித்துவிடுவார்கள்.

1467இல் தொடங்கிய உள்நாட்டுப் போர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டை அலைக்கழித்தன. 1543இல் போர்ச்சுக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. வேலியும் மண்மேடும் இனிப் போதா என்றாயிற்று. ஓடா நொபுனாகா என்னும் பெருந்தலைவர் 1576இல் பீவா ஏரிக்கரையில் அஸூச்சிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கல்மதிலின் மேல் பல அடுக்கு உயர்மாடம் எழுப்பும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியது அந்தக் கோட்டையே. ‘தென்ஷு’ என்பது அம்மாடத்தின் பெயர். மாடம் 1579இல் நிறைவுற்றது. 1582இல் நொபுனாகா மாண்டார். அவருடைய மதிலைத் தாண்டி எந்தப் பகைவனும் வரவில்லை. கியோட்டோவில் ஓர் ஆலயத்தில் தங்கியிருந்தபோது அவருடைய சொந்தத் தளபதியே படையுடன் சூழ்ந்துகொண்டான். அடுத்த சில நாட்களில் அஸூச்சி மாடமும் தீக்கிரையாயிற்று.

இக்கோட்டைகளின் மாண்பை அறிய ஹிமேஜியைப் பார்த்தல் வேண்டும். இகேடா டெருமாசா என்னும் பிரபு 1601 முதல் 1609 வரை அதனை இன்றைய வடிவில் கட்டினார். சுவர்களுக்கெல்லாம் வெண்சுதை பூசியிருப்பதால் வெண்கொக்குக் கோட்டை என்று பெயர் பெற்றது. அந்த வெண்மை அழகுக்காக மட்டும் வந்ததன்று. மரச்சுவரைத் தீயிலிருந்து காப்பதும் அச்சுதையின் வேலை. உள்ளே செல்லும் பாதை நேராகச் செல்வதில்லை. மாடம் கண்முன்னே தெரியும். அதை நோக்கி நடப்பவனைப் பாதை வேறு பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகத் துளைகள். அவற்றின் பின்னே வில்லோ துப்பாக்கியோ காத்திருக்கும். மதிலின் அடிப்பகுதி சாய்ந்து, மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகும். ஏறுபவன் பாதி உயரம் எளிதில் ஏறிவிடுவான். மீதிப் பாதியில்தான் தன் பிழையை உணர்வான்.

அம்மதில்களில் சாந்து இல்லை. ஓமி நாட்டின் அனோ என்னும் ஊரைச் சேர்ந்த கல்வேலைக்காரர்கள் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். செதுக்காத கற்களை அவற்றின் போக்கறிந்து அடுக்குவார்கள். பின்புறம் சிறு கற்களை நிரப்பி மழைநீர் வடிய வழிவிடுவார்கள். சாந்து இல்லாமையால் நில அதிர்ச்சியின்போது கற்கள் சற்றே அசைந்து கொடுக்கும். பிரபுக்களின் பெயர்கள் ஏட்டில் நிற்கின்றன; இந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன.

ஹிமேஜி மதிலில் ஓர் எந்திரக்கல்லைக் காட்டுவார்கள். முன்பு ஹிதேயோஷி அங்கே கோட்டை கட்டியபோது கல் போதவில்லையாம். ஏழை மூதாட்டி ஒருத்தி தன் பிழைப்புக்கு இருந்த எந்திரத்தையே கொடுத்தாளாம். இது செவிவழிக் கதை. மனமுவந்து கொடுத்தாளா, கொடுக்காமல் இருக்க முடியாமல் கொடுத்தாளா என்று கதை சொல்வோர் கேட்பதில்லை. மாருஓக்கா என்னும் கோட்டையில் வழங்கும் கதை இதனினும் கொடிது. மதில் திரும்பத் திரும்பச் சரிந்ததால் ஒரு கைம்பெண்ணை அடித்தளத்தில் உயிருடன் புதைத்தார்கள் என்றும், அவள் மகனைச் சாமுராய் ஆக்குவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்றும் சொல்வர். நடந்ததோ இல்லையோ, கோட்டையைப் பற்றி அடிமட்டத்து மக்கள் மனத்தில் கிடந்தது என்ன என்பதற்கு அக்கதையே சான்று.

இத்தனை நுட்பத்துடன் கட்டப்பட்ட ஹிமேஜியின் இந்த மதில்கள் ஒரு பெரும்போரையும் காணவில்லை. ஒரு துளையின் வழியாகவும் பகைவன் மேல் குண்டு பாயவில்லை. அப்படியானால் உழைப்பு முழுவதும் வீணா? அன்றி, அதைப் பார்த்துத்தான் பகைவன் வராமல் இருந்தானா? இதற்கு விடை காண வழியே இல்லை. பயன்படாத மருந்தைப் பற்றி, நோய் வராதது அதனால்தான் என்றும் வாதிடலாம், அது தேவையே இல்லை என்றும் வாதிடலாம். காவலைப் பெருக்குவோர் எக்காலத்தும் தப்பித்துக்கொள்வது இந்த மயக்கத்தினால்தான். போர் வந்தால், ‘பார்த்தீர்களா!’ என்பர், வராவிட்டாலும் ‘பார்த்தீர்களா!’ என்பர். பின்னர் 1945 ஜூலையில் வானூர்திகள் குண்டுமாரி பொழிந்தபோது ஹிமேஜி நகரம் எரிந்தது. கோட்டை மீது விழுந்த குண்டு வெடிக்கவில்லை. ஊருக்கு அரணாக எழுந்தது ஊர் சாம்பலான பின்பும் நின்றது.

அரணை வேறு விதமாக எண்ணியவர்களும் அந்நாட்டில் இருந்தார்கள். காய் நாட்டின் தகேதா ஷிங்கென் பெரும் போர்வீரர். எனினும் தம் தலைநகரில் அகழி சூழ்ந்த மாளிகையில்தான் வாழ்ந்தார். பின்மலையில் அடைக்கலத்துக்கு ஒரு கோட்டை இருந்தது, எல்லையிலும் காவலிடங்கள் இருந்தன. அவற்றை நாம் மறைக்கவில்லை. ஆயினும் தம் மக்களின் பற்றையே முதல் அரணாக அவர் மதித்தார் என்பது பின்னோர் கூற்று. அவர் 1573இல் இறந்தார். மகன் கட்சுயோரி 1575இல் பெருந்தோல்வி ஒன்றைக் கண்டு, 1581இல் ஷின்பு என்னும் புதுக்கோட்டையைக் கட்டினார். தோல்வியால் நொந்திருந்த குடிகள் மீதும் தளபதிகள் மீதும் அதன் சுமை விழுந்தது. 1582இன் தொடக்கத்தில் பகைவர் நுழைந்ததும் தளபதிகள் ஒவ்வொருவராக நழுவினர். குடிபுகுந்து சில மாதங்களே ஆன கோட்டைக்கு அவரே தீ வைத்துவிட்டு வெளியேறினார். அடைக்கலம் நாடிச் சென்ற இடத்தில் சொந்தத் தளபதி வழியை அடைத்தான். மலைப்பாதையில் அக்குடி அழிந்தது. அவர் வீழ்ந்ததற்குக் கோட்டை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. காக்க ஆளில்லாதபோது அது எதற்கும் உதவவில்லை என்பது மட்டும் தெளிவு.

இனி, ஒருவன் காவல் பிறன் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். நாட்டை வென்று ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த டோக்குகவா இயெயாசு, ஹிதேயோஷியின் மகன் இருந்த ஓசாகாக் கோட்டையை 1614இல் முற்றுகையிட்டார். கோட்டை விழவில்லை. சமாதானம் பேசினார், பேச்சு முடிந்ததும் அகழிகளை மண்ணிட்டுத் தூர்த்தார். மறு ஆண்டு வந்தார், கோட்டை வீழ்ந்தது, இளைஞனும் தாயும் தற்கொலை செய்துகொண்டனர். அவ்வாண்டே, 1615இல், ஒரு பிரபுவுக்கு ஒரு கோட்டைதான், மற்றவற்றை இடிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இருக்கும் கோட்டையைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். ஹிரோஷிமாவின் புகுஷிமா மசனோரி டோக்குகவா வெற்றிக்குத் துணைநின்ற முதுவீரர். வெள்ளத்தில் இடிந்த மதிலை அவர் முறையான அனுமதி வருமுன் செப்பனிட்டார். 1619இல் அவருடைய 4,98,000 கோக்கு நெல் வருவாயுள்ள நாடு பறிக்கப்பட்டது. 45,000 கோக்கு மட்டும் எஞ்சியது. ஒரு கோக்கு என்பது ஓர் ஆளின் ஓராண்டு உணவு என்று கணக்கு. தன் மதிலைக் காவல் என்று கருதுபவன், அடுத்தவன் மதிலைச் சூழ்ச்சி என்று கருதுகிறான். இரண்டும் ஒரே கல்தான்.

மேற்கூறியவை யாவும் பிரபுக்களுக்கிடையே நிகழ்ந்தவை. ஷிமபராவில் நிகழ்ந்ததை எழுதும்போது கை சற்றே தயங்குகிறது. மட்சுகுரா ஷிகெமாசா என்பவர் 1618 முதல் சில ஆண்டுகளில் தம் சிறிய நாட்டின் தகுதிக்கு மிஞ்சிய பெருங்கோட்டையை அங்கே கட்டினார். அவரும் பின்வந்த மகன் கட்சுயியேயும் விதித்த வரிகள் விளைச்சலுக்கு மிஞ்சியவை. வரி செலுத்தாதோருக்கு வைக்கோல் மேலாடை அணிவித்துத் தீயிட்டார்கள் என்று அக்கால ஐரோப்பியர் எழுதிவைத்தனர். உழவர்களுள் பலர் கிறித்தவர்கள். மதத்தின் பெயராலும் துன்புற்றனர். 1637இல் அவர்கள் வெகுண்டெழுந்தனர். ஷிமபராக் கோட்டையைத் தாக்கினர்; அது விழவில்லை. நியாயமாகச் சொன்னால் மதில் தன் வேலையைச் செய்தது. பின்னர், கைவிடப்பட்டுக் கிடந்த ஹாரா என்னும் பழங்கோட்டையில் பெண்டு பிள்ளைகளுடன் புகுந்துகொண்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 37,000 என்பர். அரசு திரட்டிய படை 1,20,000க்கு மேல். 1638 ஏப்ரலில் உணவு தீர்ந்த நிலையில் ஹாரா வீழ்ந்தது. உள்ளிருந்தோரில் பிழைத்தவர் அரியர். மதில்களை இடித்து அவர்கள் மேலேயே தள்ளினார்கள். அண்மைக் காலத்தில் அகழ்ந்தபோது கற்களின் கீழ் எலும்புகள் கிடைத்தன.

கட்சுயியேவின் கோட்டை நின்றது, அவர் நிற்கவில்லை. மக்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய குற்றத்துக்காக அரசே அவர் தலையை வெட்டியது. மானத்துடன் தானே உயிர்விடும் சாமுராயின் உரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது. குடிகளின் விளைச்சல் ஆள்வோன் கையில் ஓர் அமானிதம். அதனைக் கொண்டு அவர்களுக்கு எதிராகவே மதில் எழுப்பினால், அதைக் காவல் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

அப்படியானால் மதிலே வேண்டா என்பதா நம் கட்சி? அன்று. 1877இல் குமமோட்டோவைப் பாருங்கள். கட்டோ கியோமாசா 1607இல் கட்டி முடித்த கோட்டை அது. சய்கோ தகமோரி ஆயிரக்கணக்கான சாமுராய்களுடன் அரசை எதிர்த்து வந்தார். முற்றுகைக்குச் சில நாள் முன்பே உயர்மாடம் எரிந்துபோயிற்று. ஆயினும் மதில்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் தாங்கின, உதவிப்படை வந்தது. உள்ளே நின்று போரிட்டவர்களுள் பெரும்பாலோர் கட்டாயச் சேவையில் சேர்க்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். வெளியே நின்று மோதியவர்கள் சாமுராய்கள்! முன்னூறு ஆண்டுகளுக்கு முன் எவரும் இதைக் கனவிலும் கண்டிரார். ஆக, மதில் பயன்படும் நாளும் உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி.

அந்த ‘எவ்வளவு’ என்பதற்கு ஒருமுறை விடை கிடைத்தது எடோ நகரில். இன்றைய டோக்கியோ அது. அங்கிருந்த டோக்குகவாக் கோட்டையில் இயெயாசு 1607இல் ஓர் உயர்மாடம் கட்டினார். மகன் அதை நீக்கிவிட்டு வேறொன்று கட்டினார். பேரன் அதையும் நீக்கிவிட்டு 1638இல் மூன்றாவதைக் கட்டினார். பாட்டனுக்குப் போதுமானது பேரனுக்குப் போதவில்லை. ஜப்பானிலேயே உயரமானது என்று பெயர்பெற்ற அம்மாடம் 19 ஆண்டுகளே நின்றது. 1657இல் எடோவைப் பெருந்தீ சூழ்ந்தது. நகரின் பெரும்பகுதி அழிந்தது. மாண்டவர் தொகை ஒரு லட்சம் வரை சொல்லப்படுகிறது. கோட்டை மாடமும் எரிந்தது. எல்லாப் பகைவரையும் எண்ணிக் கட்டியவர்கள் காற்றை எண்ணவில்லை போலும்.

மாடத்தை மீண்டும் எழுப்பும் ஏற்பாடு உடனே தொடங்கியது. காகா நாட்டு மயேதா பிரபுவின் ஆட்கள் 1658இல் கருங்கல் மேடையையும் கட்டி முடித்தனர். அப்போது, இளவயது ஷோகுனின் சிற்றப்பாவும் ஆலோசகருமான ஹொஷினா மசயுகி குறுக்கிட்டார். உயர்மாடம் நொபுனாகா காலத்தில் வந்த வழக்கம். தொலைவில் பார்க்க உதவுமேயன்றி நாட்டுக் காவலுக்கு இன்றியமையாததன்று. வீடிழந்த மக்கள் தவிக்கையில் அதில் பொருளைக் கொட்டலாகாது என்பது அவர் வாதம். அவர் சொல் ஏற்கப்பட்டது. மதிலும் அகழியும் வாயில்களும் செப்பனிடப்பட்டன. அவற்றை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. மாடம் மட்டும் எழவில்லை. பிற்காலத்தில் மீண்டும் கட்டும் எண்ணம் தோன்றி வரைபடம் வரை சென்றது, அதுவும் நின்றது. உயர்மாடம் இல்லாமலேயே அக்குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாட்டை ஆண்டது. 1868இல் ஆட்சி முடிந்தபோதும் எடோக் கோட்டை முற்றுகையின்றியே பேச்சுவார்த்தையால் கைமாறியது. அன்று எதிர்த்தரப்பில் பேசியவர் யார் தெரியுமா? ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் குமமோட்டோ மதிலில் மோதிய அதே சய்கோ தகமோரிதான்.

அந்தக் கருங்கல் மேடை டோக்கியோ அரண்மனையின் கிழக்குத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. மக்கள் அதன்மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அதன்மேல் பழைய மாடத்தை மரத்தால் மீண்டும் எழுப்ப வேண்டும் என்று வாதிடுவோர் ஜப்பானில் உள்ளனர். அவர்களுடைய நாட்டுப்பற்றை நாம் குறைகூறவில்லை. நம்மைக் கேட்பார் எவருமில்லை. கேட்டால், மேடையை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வோம்.