வாசலை மறித்து நிற்பவர் யார்?

கப்பர்நாகூமில் நடந்ததை மாற்கு எழுதிய நற்செய்தியில் பலமுறை வாசித்திருக்கிறோம். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகிறார்கள். வாசலில் சனக்கூட்டம், உள்ளே செல்ல வழியில்லை. கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். வாசலை மறித்து நின்ற கூட்டத்தைப் பற்றிச் சிந்தித்ததுண்டா?

அவர்கள் தீயவர்கள் அல்லர். போதனை கேட்க வந்த பக்தியுள்ள சனங்கள். அந்த நோயாளிமேல் அவர்களுக்குப் பகை இருந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. அவர்களின் முகங்கள் ஆண்டவரை நோக்கியிருந்தன. முதுகுகள் நோயாளியை நோக்கியிருந்தன. அவன் வெளியே கிடப்பதற்கு அதுவே போதுமாயிற்று.

அன்பான வாசகரே, நமது ஊரின் தபாற்கந்தோர், வங்கி, பாடசாலை, சனசமூக நிலையம், ஆலயம் ஆகியவற்றின் வாசல்களை ஒருமுறை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். எத்தனை படிகள்? பிடித்து ஏறக் கைபிடி உண்டா? சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே என்ன செய்வார்? பஸ் வண்டியின் மிதிபலகை எவ்வளவு உயரம்? வைத்தியசாலையில் இலக்கத்தைக் கூவி அழைத்தால் காது கேளாதவர் தமது முறையை எவ்வாறு அறிவார்? கண்பார்வையற்றவர் தாமே பேசக்கூடியவராயிருக்க, "இவருக்கு என்ன வேணும்?" என்று கூட வந்தவரிடம் கேட்பது எவ்வகை மரியாதை?

"கண்டால் உதவாமலா விடுகிறோம்? நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோமே" என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல மனந்தான். ஆனால் தூக்கப்படுபவரின் இடத்தில் நின்று யோசியுங்கள். தமது சொந்தப் பணத்தை எடுக்க, தமது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப, ஒவ்வொரு தடவையும் அவர் பிறரை இரந்து நிற்கவேண்டும். ஆட்கள் இல்லாத நாளில் திரும்பிப் போகவேண்டும். நமக்கு உரிமையாயுள்ள ஒன்று அவருக்கு மட்டும் தயவாகக் கிடைக்கிறது. நீதியாகக் கொடுக்கவேண்டியதை இரக்கமாகக் கொடுத்துவிட்டு மனநிறைவு கொள்வது சரியாகுமா?

சட்டம் இதனை முன்னரே சொல்லிவிட்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டிடங்களில் அங்கவீனத்தைக் காரணங்காட்டி எவருக்கும் தடை விதிக்கலாகாது என்கிறது. 2006இல் அதற்கான ஒழுங்குவிதிகள் வெளியாகின. அவை நடைமுறைக்கு வரவேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றமும் பணித்தது. 2016இல் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதி செய்தது. ஆயினும் எத்தனையோ இடங்களில் படிகள் படிகளாகவே இருக்கின்றன.

"இங்கே அப்படிப்பட்டவர்கள் யாரும் வருவதில்லையே, வீண் செலவு ஏன்?" என்பது அடுத்த கேள்வி. வாசல் இடங்கொடாததால் வராதவர்களைக் காட்டி, வாசல் தேவையில்லை என்று வாதிப்பது நியாயமா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு சிரமம் உடையோராகக் கணக்கிடப்பட்டனர். போரிலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தவர்கள் நம் ஊர்களில் வாழ்கிறார்கள். நமது முழங்கால்களுக்கும் முதுமை வரும்.

செலவும் பெரிதன்று, கவனந்தான் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமான சாய்வுப் பாதை வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஆறு அங்குலப் படிகள் மூன்றிருந்தால் பதினெட்டு அடி. இதை அறியாமல் படியின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது ஆபத்தாகவே முடியும்.

உங்கள் ஊரில் புதிய மண்டபமோ வகுப்பறையோ எழுப்பப் போகிறார்களா? அத்திவாரம் இடுமுன் கூட்டத்தில் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நடக்க இயலாத ஒருவரை அழைத்து வந்து அவரிடமே ஆலோசனை பெறுங்கள். கப்பர்நாகூமில் கூரை பிரிக்கப்பட்டதை ஆண்டவர் கண்டிக்கவில்லை. ஆயினும் வாசலில் நின்றவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், கூரையைப் பிரிக்கவேண்டிய தேவையே வந்திராது.