அலையா, துணிக்கையா?

இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கப்படும் நீலக்கல்லை வெளிச்சத்திற் பிடிப்பவன் ஒளியின் ஈரியல்பையும் ஒரே கல்லிற் காண்கின்றான். கல்லினுட் புகும் ஒளி முறிவடைந்து திசைமாறுகின்றது. இஃது ஒளியை அலையெனக் கொண்டு விளக்கப்படும். ஆயின் அதன் நீல நிறத்துக்கு அவ்விளக்கம் போதாது. கல்லிற் சிறிதளவே கலந்துள்ள இரும்பு, தைத்தேனியம் ஆகியவற்றின் அயன்களிடையே இலத்திரன் தாவுவதற்கு வேண்டிய சக்தி, ஒளியிலிருந்து முழுச் சொட்டாகவே பெறப்படுகின்றது. செம்மையும் மஞ்சளும் அவ்வாறு உறிஞ்சப்பட, நீலம் எஞ்சுகின்றது. இங்கே ஒளி துணிக்கையாகின்றது.

ஒளி அலையே என 1801 இல் யங் காட்டினார். அது சக்திச் சொட்டுகளாய் வருவதென 1905 இல் ஐன்ஸ்டைன் கூறினார். துணிக்கையெனக் கருதப்பட்ட இலத்திரனும் அலைபோல் நடப்பதை 1927 இல் டேவிசனும் ஜேர்மரும் நிக்கற் பளிங்கிற் கண்டனர். எவ்வியல்பு தோன்றும் என்பதைப் பரிசோதனையின் அமைப்பே வரையறுக்கின்றது என்றும், இரண்டும் ஒன்றையொன்று நிரப்புவன என்றும் போர் அவ்வாண்டிலேயே விளக்கினார்.

இதனின்று, காண்பவன் கருத்தே உண்மை என முடிவு கட்டுவோர் உளர். அது பிழை. கருவியை அமைப்பது மனிதனின் தெரிவு. அவ்வமைப்பிற் கிடைக்கும் விடை அவன் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. எனவே அவன் விடைக்குப் பொறுப்பாளியல்லன், வினாவுக்கே பொறுப்பாளி.

இப்பொறுப்பு ஆய்வுகூடத்தோடு முடிவதன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்களை 1964 இல் இரு அரசுகள் பங்கிட்டன. இந்தியாவுக்கு 525,000 பேர்; இலங்கைக்கு 300,000 பேர்; எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாக்கப்பட்டனர். இறக்குவானையிற் கொழுந்து பறித்தவளும் எட்டியாந்தோட்டையில் இறப்பர்ப் பால் வெட்டியவனும் "இந்தியாவா, இலங்கையா?" என்ற ஒரே வினாவுக்கு ஆளாயினர். பாட்டன் பிறந்த ஊரின் பெயரும், தாய் புதைக்கப்பட்ட மலைச்சரிவும் ஓருள்ளத்தில் ஒருங்கே வாழ முடியும் என்பதற்கு அவ்வினாவில் இடமிருக்கவில்லை. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினரும் வெவ்வேறு நாட்டினராயினர்.

உவமைக்கும் எல்லையுண்டு. இலத்திரன் வலியறியாது, அளக்கப்படுமுன் அதற்கென ஒரு பாதை இருந்ததெனக் கூறுதலும் போரின் கொள்கைப்படி பொருளற்றது. மனிதனோ எவரும் வினவுமுன்னரே தன்னை அறிந்தவன். அதனாலேயே அவனிடம் வினவுவோனின் பொறுப்பு விஞ்ஞானியின் பொறுப்பினும் கனமானது. தன் கருவி எதனைக் காட்டாது என்பதை விஞ்ஞானி அறிந்திருத்தல் வேண்டும். தன் வினா எதனை மறைக்கும் என்பதை அரசு அறிந்திருத்தல் வேண்டாவோ?

2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. அது நீதியே. ஆயின் அதற்குமுன் கப்பலேறியோருக்கு அது காலங்கடந்த விடை. பரிசோதனையை மீண்டும் தொடங்கலாம். வாழ்ந்து முடிந்த வாழ்வை மீண்டும் தொடங்குதல் எங்ஙனம்?